எல்லாத் தண்ணீரும் சுத்தமான மாதம்

1

ஈரோட்டிலிருந்து வசந்தா கூப்பிட்டிருந்தாள். நானும் அவளும் ஒரே பால் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர்கள். நான் மலேசியாவுக்கு வந்துவிட்டேன். அவள் இன்னும் அங்கேயே உட்கார்ந்து, பாலில் தண்ணீர் எவ்வளவு, தண்ணீரில் பால் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"சுமதி, உங்க ஊர்ல ஏதாச்சும் வேலை இருந்தாச் சொல்லு. இந்த மேனேஜரோட முடியலடி. நேத்து ஃபைலைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா எறியறாரு. உனக்கென்ன, தப்பிச்சுப் போயிட்ட. வெளிநாட்டுல எல்லாம் ப்ளீஸ், தேங்க்யூன்னுதானே பேசுவாங்க?"

"ஆமா வசந்தா. ப்ளீஸ், தேங்க்யூன்னுதான் பேசுவாங்க" என்றேன்.

பொய்யில்லை. ஆனால் அதற்குமேல் போனில் விளக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். வசந்தாவைப் போலவே பெட்டி கட்டும் யோசனையில் இருக்கிற மற்றவர்களும் படித்துக்கொள்ளலாம்.

2

நாங்கள் குடியிருப்பது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பழைய அடுக்குமாடியில். கீழே இறங்கினால் பூக்கடை, ஜோசியர், வாழையிலைச் சாப்பாடு, புடவைக் கடை வாசலில் அலறும் பாட்டு. ஊரிலிருந்து வரும் உறவினர்கள், "வெளிநாடு மாதிரியே இல்லையே" என்பார்கள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. வேலை நகரத்துக்கு வெளியே, கிள்ளானில். காலையில் ஊரே கோலாலம்பூருக்குள் பிதுங்கிக்கொண்டு வரும்போது, நான் எதிர்த்திசை ரயிலில் காலை நீட்டி உட்கார்ந்து போவேன். வெளிநாட்டு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முழுமையான சொகுசு அது ஒன்றுதான்.

என் பாஸ்போர்ட்டில் இருப்பது வேலை அனுமதி. என் கணவர் கதிருடையதில் இருப்பது சார்ந்திருப்போர் அனுமதி. அதாவது, புருஷன் பெண்டாட்டியைச் சார்ந்தவர் என்று ஓர் அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. அந்த அனுமதியில் அவர் வேலைக்குப் போக முடியாது. சமைக்கிறார், என்னைவிட நன்றாகவே. ஈரோட்டில் என் மாமியாருக்கு இது இன்னும் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். என் வேலை போனால் கதிர், மகள் நிலா, நான் மூன்று பேரும் சேர்ந்து கிளம்ப வேண்டியதுதான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் உணவையும் தண்ணீரையும் சோதிக்கிறோம். உணவகத்து ஐஸ் கட்டி, போத்தலில் வரும் சம்பல் என்கிற மிளகாய்த் துவையல், கிணற்று நீர், குழாய் நீர் எல்லாம் வரும். கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து அறிக்கை கொடுப்போம். முதல் நாள், ஒரு குழாயின் மேல் ஆங்கில எழுத்தில் 'ஏர்' என்று எழுதியிருந்தது. காற்றுக் குழாய் என்று நினைத்து, ஒரு கண்ணாடிக் குடுவையை உலர்த்துவதற்காக வேகமாகத் திறந்தேன். முகம், கோட்டு, பக்கத்து மேசை எல்லாம் நனைந்தது.

பின்னால் ஒரு பெரிய சிரிப்பு. "அது இங்கிலீஷ் இல்ல மா. மலாய். ஆயர். தண்ணி லா!"

அப்படித்தான் கலைச்செல்வி அக்கா எனக்கு அறிமுகமானார். பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் 'லா' இங்கே எல்லோருக்கும் பழக்கம். நுண்ணுயிரியல் பிரிவின் மூத்த ஆய்வாளர். பந்திங் பக்கம் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் போய்ப் படித்து, இந்த ஆய்வுக்கூடம் திறந்த காலத்திலிருந்து இருப்பவர். மெதுவாகப் பேச அவருக்கு வராது. ரகசியம் சொன்னால்கூட வாகன நிறுத்துமிடம் வரை கேட்கும்.

3

பழைய மேலாளர் ஓய்வு பெற்றதும் ரவின் வந்தார். முழுப் பெயர் ரவீந்திரன். எப்போதோ வேதியியல் படித்தவர், அதன்பிறகு வெகு காலம் ஷாம்பு விற்றவர். 'சார்' என்று கூப்பிட்டால் வருத்தப்படுவார். "ஜஸ்ட் ரவின். வீ ஆர் ஃபேமிலி" என்பார். நாங்கள் சார் என்றே கூப்பிட்டோம். அவரும் வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தார். தமிழர் ஆயிற்றே என்று முதல் நாள் நான் தமிழில் பேசியபோது, "ஓ, லவ்லி" என்றார். அவர் தமிழில் பேச ஆரம்பித்தால் நம்மிடம் ஏதோ கேட்கப்போகிறார் என்று பிற்பாடுதான் புரிந்தது.

காலையில் எல்லோரும் வட்டமாக நின்று கை தட்ட வேண்டும் என்று ஆனது. பிறகு, இன்றைக்கு எதற்கு நன்றியோடு இருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கலைக்கா தினமும் "சம்பளத்துக்கு" என்பார். ரவின் தினமும் வேறு ஏதாவது யோசிக்கச் சொல்வார்.

அடுத்து, 'பிராப்ளம்' என்ற சொல்லைத் தடை செய்தார். அதற்குப் பதில் 'ஆப்பர்ச்சுனிட்டி' என்று சொல்ல வேண்டும். மைக்ராஸ்கோப்புக்கு ஓர் ஆப்பர்ச்சுனிட்டி என்றால் பல்பு போய்விட்டது என்று பொருள். பெண்கள் கழிப்பறைக்கு அடிக்கடி ஆப்பர்ச்சுனிட்டி வந்து, தரையெல்லாம் ஓடும். இது வீட்டிலும் தொற்றிக்கொண்டது. நிலா ஒருநாள் கணக்கு விடைத்தாளை நீட்டி, "அம்மா, மேத்ஸ்ல எனக்குக் கொஞ்சம் ஆப்பர்ச்சுனிட்டி இருக்கு லா" என்றாள். அவளிடம் தமிழில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சாப்பாட்டின் பெயர்களும் திட்டும்தான். இரண்டையும் நான்தான் கொடுத்தேன், குறை சொல்ல முடியாது.

ஈரோட்டில் எங்கள் மேனேஜர் கத்துவார். பாயிலர் அறை வரை கேட்கும். பெண்ணாகப் பிறந்தவள் எம்.எஸ்சி. படித்திருந்தாலும் டீ டம்ளர் கழுவத் தெரிந்திருக்க வேண்டும் என்று நம்பியவர். அந்த ஆளை நினைத்து ஏங்கும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அவர் கோபமாக இருக்கிறார் என்று கண்டுபிடிக்க யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. ரவின் கோபமாக இருக்கும்போதுதான் நன்றாகச் சிரிப்பார்.

எங்கள் பிரிவின் இன்குபேட்டர் பழையது. கிருமிகளை உடம்புச் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டி அது. புதிதாக ஒன்று வாங்கித் தரச் சொல்லிக் கலைக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். ரவின் அதற்குப் பதிலாக 'மகிழ்ச்சி மூலை' ஒன்று அமைத்தார். பிளாஸ்டிக் மூங்கில், சுவரில் சூரிய உதயம், பீன் பேக் என்கிற பெரிய மூட்டைகள் சில. அதில் உட்கார்ந்தால், எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். குழு உணர்வு அப்படித்தான் வளரும் என்றார்.

மகிழ்ச்சியான பணியிடம் என்று விருதுகூட வாங்கினோம். அதற்கு ஒரு கருத்துக்கணிப்பு நடந்தது. நீங்கள் இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கணினி கேட்டது. நாற்காலிக்குப் பின்னால் ரவின் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் எல்லோருமே மகிழ்ச்சியாக இருந்தோம்.

4

கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டும், ஒரே நிமிடம். வாடிக்கையாளரின் தண்ணீரைத் தட்டில் ஊற்றி இன்குபேட்டரில் வைக்கும்போது, கூடவே இன்னொரு தட்டும் வைப்போம். அதில் நாங்களே வேண்டுமென்றே கிருமியை விட்டிருப்போம். அது வளர்ந்தே ஆக வேண்டும். அதற்குப் பெயர் பாசிட்டிவ் கன்ட்ரோல். அது வளரவில்லை என்றால் பெட்டியிலோ சோதனையிலோ கோளாறு. மற்ற தட்டுகள் சுத்தமாக இருப்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.

ஒருநாள் காலை கலைக்கா பெட்டியைத் திறந்தார். பாசிட்டிவ் கன்ட்ரோல் தட்டு பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இல்லை. புதிதாக மறுபடி செய்தார். அடுத்த நாளும் பளிங்கு. உள்ளே தனியாக ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். வெளியே உள்ள எண் சரியான சூட்டைக் காட்டியது. உள்ளே குளிர்சாதன அறையின் குளிர்தான் இருந்தது. கிருமி எங்கே வளரும்? அதற்கும் குளிரும் இல்லையா?

கைதட்டும் வட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

"சார், பாசிட்டிவ் கன்ட்ரோல் வளரல."

ரவின் சிரித்தார். "கலை, வொய் ஸோ நெகட்டிவ்? பீ பாசிட்டிவ்."

"பாசிட்டிவ்தான் சார் நெகட்டிவா இருக்கு. அதத்தான் சொல்றேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். ரவினின் சிரிப்பு இன்னும் அகலமானது. எல்லோரையும் அழைத்துக்கொண்டு போய் இன்குபேட்டர் முன்னால் நிறுத்தி, வெளியே ஒளிர்ந்த எண்ணைக் காட்டினார். "லுக். பர்ஃபெக்ட்."

"அது வெளிய சார். கிருமி உள்ளதானே இருக்கு?"

"ரிப்போர்ட் போகட்டும். கஸ்டமர் காத்திருக்காங்க."

"நான் சைன் பண்ண மாட்டேன். பொட்டி கெட்டுப்போச்சு. இது பிராப்ளம் சார். பி-ரா-ப்-ள-ம்."

அடுத்த திங்கட்கிழமை கலைக்காவை முகப்புக்கு மாற்றினார்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் போத்தல்களை வாங்கி வைக்கிற வேலை. உங்கள் குரல் வாடிக்கையாளர் சேவைக்கு மிகவும் பொருத்தமானது என்று ரவின் காரணம் சொன்னாராம். கலைக்கா தன் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அன்றுதான் அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன். "பொட்டிய மட்டும் பாத்துக்க சுமதி" என்றார்.

5

அன்று பிற்பகல் ரவின் என்னை மகிழ்ச்சி மூலைக்கு அழைத்தார். தமிழில் அழைத்தார்.

"உக்காருங்க சுமதி. வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா? மக எந்த ஸ்கூல்? நைஸ். உங்க பர்மிட் ரின்யூவல் வருதுல்ல? என் மேசையிலதான் இருக்கு. நான் சைன் பண்ணாத்தான் எச்.ஆர். இமிகிரேசனுக்கு அனுப்புவாங்க. சின்ன விசயம். நீங்களும் மைக்ரோ ரிப்போர்ட்டெல்லாம் சைன் பண்ணிடுங்க. ஒருத்தருக்கொருத்தர் உதவிதானே, ஃபேமிலி இல்லையா?"

பீன் பேக்கில் புதைந்துகொண்டு ஒரு மனிதரிடம் முடியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். முழங்கால் மூக்குக்கு அருகே இருக்கிறது. கையை ஊன்ற இடமில்லை. கம்பீரத்துக்கு வழியே இல்லை.

"கன்ட்ரோல் தட்டு வளரட்டும் சார். வளந்தா அன்னிக்கே போட்டுடறேன்" என்றேன்.

"தேங்க்யூ ஃபார் யுவர் ஹானஸ்டி" என்று முகமெல்லாம் சிரித்தார். எழுந்துகொள்ளக் கை கொடுக்காமல் போய்விட்டார். நான் ஒரு பக்கமாக உருண்டு, மண்டிபோட்டு எழுந்தேன்.

வீட்டில் கதிரிடம் சொன்னேன். அவர் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னது சரிதான்" என்றார். அடுப்பை அணைத்தார். அப்புறம் நாற்காலி போட்டு ஏறி, அலமாரிக்கு மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தார்.

"எதுக்குப்பா பெட்டி?" என்றாள் நிலா.

"ஒருவேளை நம்ம ஊருக்குப் போக வேண்டியிருக்கும்" என்றேன்.

"இதானே நம்ம ஊரு? அது உங்க ஊரு லா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பாடத்தில் ஒரு தவறைத் திருத்துகிற மாதிரி சொன்னாள். பெட்டி அன்றிலிருந்து கூடத்தின் நடுவிலேயே கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி நடந்தோம். எச்.ஆரில் அனுமதி பற்றிக் கேட்கும்போதெல்லாம் "இன் ப்ராசஸ்" என்றார்கள்.

கையெழுத்துப் போடும் அதிகாரம் ரவினுக்கும் இருந்தது. அவரே போட்டார். வசந்தா, நீ நம்பமாட்டாய், அந்த மாதம் கிள்ளான் பள்ளத்தாக்கில் கிருமியே ஒழிந்தது. ஐஸ் கட்டி சுத்தம். சம்பல் சுத்தம். கிணறு சுத்தம். எந்தத் தண்ணீரை எங்கே மொண்டு கொண்டுவந்தாலும் சுத்தம். வாடிக்கையாளர்கள் மனம் குளிர்ந்து நன்றி எழுதினார்கள். ரவின் அந்த நன்றிகளையெல்லாம் அச்சிட்டு மகிழ்ச்சி மூலைச் சுவரில் ஒட்டினார். பார்த்தீர்களா, எதிர்மறையான ஒருவரை இடம் மாற்றியதும் எவ்வளவு முன்னேற்றம் என்று கைதட்டும் வட்டத்தில் சொன்னார்.

நாங்கள் கை தட்டினோம்.

6

முத்தையா அண்ணன் கிள்ளானில் தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் விற்பவர். தோட்டம், பண்ணை, கம்பம் என்று இங்கே சொல்கிற கிராமத்து வீடுகளில் கிணற்று நீரை நம்பி இருப்பவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். வடிகட்டுவதற்கு முன் ஒரு போத்தல், வடிகட்டிய பின் ஒரு போத்தல் என்று எங்களுக்கு அனுப்புவார். முன்னதில் கிருமி, பின்னதில் இல்லை என்று நாங்கள் கொடுக்கும் அறிக்கையைக் காட்டித்தான் அவர் வியாபாரம் நடக்கும்.

ஒருநாள் காலை அவர் முகப்புக்குள் நுழைந்த வேகத்தில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. நான் மாதிரிப் போத்தல்களை எடுத்துப் போக அங்கே வந்திருந்தேன். கலைக்கா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்னா கலை இது? நீ இருந்துமா இப்படி? பிஃபோரும் சுத்தம், ஆஃப்டரும் சுத்தம்! அப்ப நான் என்னாத்த விக்கிறது? அந்தத் தோட்டக்காரரு, என் கெணறு சுத்தமா இருக்கையில எதுக்குய்யா மிசின்னு பணத்தத் திருப்பிக் கேக்கறாரு. கஷ்டமாப் போச்சு, ரொம்ப சூசா லா!"

"நான் இப்ப ரிப்போர்ட் எழுதறதில்ல அண்ணே. போத்தல்தான் வாங்கறேன். மேனேஜரக் கூப்புடறேன்" என்றார் கலைக்கா, மரியாதையாக.

ரவின் கையை நீட்டிக்கொண்டு வந்தார், சுவரில் மாட்டியிருந்த விருதுக்குக் கீழே நின்றார். "மிஸ்டர் முத்தையா! கங்கிராஜுலேஷன்ஸ், உங்க கெணத்துத் தண்ணி அவ்வளவு ப்யூர். இத ஒரு ஆப்பர்ச்சுனிட்டியா..."

"என்னா பாஸ் ஆப்பர்ச்சுனிட்டி? அந்தக் கெணத்துக்குப் பக்கத்துல மாட்டுக் கொட்டாய் இருக்கு."

முத்தையா அண்ணன் பைக்குள் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார். மங்கலான மஞ்சள் தண்ணீர். அடியில் ஏதோ மெல்ல அசைந்தது.

"காலையில மொண்டது. அதே கெணறு. சுத்தம்னு சைன் பண்ணியிருக்கீங்க, உங்க சைன்தானே? குடிங்க."

ரவின் சிரித்தார். முகப்பில் காத்திருந்த மற்ற வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்தார்கள். கலைக்கா எழுந்து உள்ளே போனார். பிரச்சினை வேண்டாம் என்று ஒதுங்குகிறார் என நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. அதைத் துணியால் துடைத்து, ரவினுக்கு முன்னால் வைத்தார். போத்தலைத் திறந்து முக்கால் டம்ளர் ஊற்றினார். மேசைக்குப் பின்னால் போய் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

ரவின் டம்ளரைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியதை நான் பார்த்தேன்.

"எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு" என்றார்.

7

முத்தையா அண்ணன் நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். இன்குபேட்டரின் சூடு உணரும் பாகம் செத்துப்போய்ப் பல நாள் ஆகியிருந்தது. புதுப் பெட்டி வந்தது. கலைக்கா கோட்டை விரித்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அந்த மாதத்து அறிக்கைகளையெல்லாம் திரும்பப் பெற்று, எல்லோரிடமும் மறுபடி மாதிரி வாங்கினோம். இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை. பாலர் பள்ளி ஒன்றுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையலறையின் தண்ணீரும் அதில் இருந்தது. அந்தத் தட்டைக் கலைக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தட்டு முழுக்கப் புள்ளி. பிறகு தானே அந்தச் சமையலறைக்குப் போன் செய்து, தண்ணீரை நிறுத்தச் சொன்னார்.

ரவின் மேசையில் கிடந்த தாள் அசைந்து, என் அனுமதியும் வந்தது. கதிர் பெட்டியை மறுபடி அலமாரிமேல் ஏற்றினார்.

ரவினை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்றுதானே நினைக்கிறாய்? பதவி உயர்வு. நிறுவனம் முழுமைக்கும் பணியிடப் பண்பாட்டைக் கற்றுத் தரும் பிரிவுக்குத் தலைவராக்கினார்கள். கேக் வெட்டி வழியனுப்பினோம். போன வாரம் எல்லாக் கிளை ஊழியர்களையும் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டலுக்கு வரவழைத்து அவரே வகுப்பெடுத்தார். கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. கலைக்காவும் நானும் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

மேடையில் ரவின் ஒரு கதை சொன்னார். ஒரு கிளையில் இன்குபேட்டர் பழுதானதாம். ஊழியர்கள் யாரும் கவனிக்கவில்லையாம். பாசிட்டிவ் கன்ட்ரோல் ஏன் வளரவில்லை என்று தான் கேட்ட ஒரே கேள்வியால்தான் உண்மை வெளியே வந்ததாம். "துணிந்து கேளுங்கள்" என்று முடித்தார். அரங்கம் கை தட்டியது. ஏதாவது கேள்வி உண்டா என்றார்.

கலைக்கா எழுந்தார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

"சார், நான் கலைச்செல்வி. கிள்ளான் மைக்ரோ. கவனிக்காத ஸ்டாஃப்னு சொன்னீங்களே, அது நான்தான்." அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நீங்க துணிஞ்சு கேக்கச் சொன்னதால கேக்கறேன். அன்னிக்கு டம்ளர்ல ஊத்தி வச்சனே, அந்தத் தண்ணிய ஏன் சார் குடிக்காமப் போனீங்க?"

"என்ன தண்ணி?" என்றார் முன்வரிசையில் ஒருவர். கலைக்கா அந்தப் பக்கம் திரும்பி, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். ஆங்கிலமும் மலாயும் தமிழுமாக, கோபமில்லாமல், தட்டு, வெப்பமானி, முத்தையா அண்ணன், மாட்டுக் கொட்டாய் எல்லாவற்றையும் சொன்னார். யாரும் அவரை நிறுத்தவில்லை. முடிந்ததும் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். ரவின் தேநீர் இடைவேளை என்று அறிவித்தார், நேரத்துக்கு முன்பாகவே.

கறிபாப் என்கிற மசாலா பப்ஸ் தட்டோடு ஒரு மூலையில் நின்றோம்.

"எதுக்குக்கா இதெல்லாம்? பொட்டிதான் புதுசு வந்துடுச்சே. திருப்பி எதாவது பண்ணுவாரு. இதுல உங்களுக்கு என்ன கெடைக்குது?"

கலைக்கா கறிபாப்பை மென்று விழுங்கினார்.

"எனக்கு ஒன்னுமில்ல. ஆனா இனிமே அவரு எந்த ஊருக்குப் போயி இந்தக் கதைய ஆரம்பிச்சாலும், ஒருத்தன் எந்திரிச்சு, அந்தத் தண்ணிய ஏன் குடிக்கலன்னு கேப்பான்" என்றார். வழக்கம்போல அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.